தலை கோணலா, சீப்பு கோணலா

அந்தத் தெருவிலேயே மோசமான தலைமுடி முடிதிருத்தும் கடைக்காரருடையதுதான். காதை மூடி, சட்டைக் காலரில் இறங்கி, பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து, மின்விசிறி சுழலும்போதெல்லாம் ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு திசையில் பறந்தது. நாற்காலியில் உட்காரும் ஆள் கண்ணாடியில் முதலில் பார்ப்பது தன் தலையை அல்ல. பின்னால் கத்தரியோடு நிற்கும் அந்தத் தலையை. பார்த்ததும் சிலருக்கு அவசர வேலைகள் ஞாபகம் வந்தன. அப்படி ஞாபகம் வந்தவர்கள் நேரே எதிர்ச்சாரியில் இருந்த குளிர்சாதன சலூனுக்குள் நுழைவதையும் அவர் அதே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் அவருக்குச் சின்னக் கத்தரி என்று பெயர். பெரிய கத்தரி என்பவர் அவருடைய அண்ணன். கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு நாற்காலிகள். இடதுபக்கம் அண்ணனுடையது, வலதுபக்கம் தம்பியுடையது. அண்ணன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தம்பியின் தலையில் அது எத்தனை மாதம் என்று யாரும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஏனென்றால் ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவர் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனும் மாதக் கடைசி ஞாயிறன்று வெட்டிக்கொள்வார்கள். அந்த ஏற்பாட்டில் ஒரு பாதி போய்விட்டது.

சகோதரர்கள் என்றால் பாசம், பாசம் என்றால் பேச்சு என்று நினைப்பவர்கள் அந்தக் கடைக்கு வந்ததில்லை. அவர்கள் பேசியதெல்லாம் சண்டை. அதுவும் கடைக்குள் மட்டும். அதுவும் கண்ணாடி வழியாக மட்டும். மழை வருமா, தேர்தலில் யார் ஜெயிப்பார், வழுக்கை தாய்வழியா தகப்பன்வழியா என்று காலையில் தொடங்கினால் மாலை வரை ஓடும். வாடிக்கையாளர்கள் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு கட்சி பிரிவார்கள். முடி வளராதவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். ஷட்டரை இறக்கியதும் இருவரும் வாயையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். மாடிப்படியில் ஒருவர் பின் ஒருவராக, அறிமுகமில்லாத இரண்டு பேர் போல ஏறிப் போவார்கள்.

எல்லாச் சண்டைகளுக்கும் தாய்ச்சண்டை ஒன்று இருந்தது. தம்பிக்கு முடி வெட்டும்போது அண்ணன் சீப்பைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பார்.

"சீப்பு கோணலா இருக்கு அண்ணே."

"தலை கோணலா இருக்கு."

"எங்கயாவது தலை கோணலா இருக்குமா?"

"கண்ணாடியைப் பாரு. உதாரணம் உள்ளயே உக்காந்திருக்கு."

இது மாதம் ஒருமுறை, அநேகமாக இதே வார்த்தைகளில், வாழ்நாள் முழுக்க நடந்தது.

அண்ணன் இறந்தபின் கடையைத் திறந்த சின்னக் கத்தரி சண்டையை நிறுத்தவில்லை என்பதுதான் சிக்கல். முதலில் அதைக் கண்டுபிடித்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வங்கிக்காரர். அவர் முகத்தில் பாதி நுரை, பாதி மழிப்பு.

"மழை வராதுன்னு நேத்தே சொன்னேன்" என்றார் சின்னக் கத்தரி.

வங்கிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னக் கத்தரி கையை உயர்த்தித் தடுத்தார். கத்தியை அந்தரத்தில் நிறுத்தி, காலியான இடதுபக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தார். ஒருவர் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம். பிறகு, "ஓஹோ, அதான் குடையோட கிளம்புனீங்களாக்கும்!" என்றார்.

"யாருகிட்ட பேசறீங்க?"

"அண்ணன்கிட்ட."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் வங்கிக்காரர். தொண்டையில் கத்தி இருக்கும் மனிதர் வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரம் வங்கிக்காரர் தாடியோடு தென்பட்டார்.

செய்தி மாடிக்குப் போனது. கட்டடம் அண்ணியின் பேரில் இருந்தது. அண்ணி கீழே இறங்கி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு முழு ஷேவிங்கைக் கவனித்துவிட்டு, ஆள் போனதும் பேசினார்.

"தம்பி, அந்த நாற்காலிக்கு ஒரு ஆளைப் போடணும்."

"போடலாம் அண்ணி."

"இதைத்தான் போன மாசமும் சொன்னீங்க. சரி, முடியையாவது வெட்டிக்கறீங்களா?"

"யாரு வெட்டறது?"

"ஊர்ல வேற சலூனே இல்லையா?"

சின்னக் கத்தரி திறந்த வாயை மூடாமல் நின்றார். எதிர்க்கடைக்காரரைச் சகோதரர்கள் ஏசி என்றே அழைப்பார்கள். எல்லாவற்றிலும் முரண்பட்ட அவர்கள் ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனார்கள்: ஏசிக்கு முடி வெட்டத் தெரியாது. குளிரில் மரத்துப்போன தலைக்கு வெட்டியது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"மூணுல ஒண்ணு பண்ணுங்க" என்றார் அண்ணி. "ஒண்ணு, முடியை வெட்டுங்க. இல்ல, கவுன்சலிங் போங்க. என் தோழி ஒரு இடம் சொல்லியிருக்கா. ரெண்டும் முடியாதுன்னா சாவியைக் குடுங்க. ஏசிக்காரர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாரு. வாடகைக்கு விட்டுடறேன்."

சின்னக் கத்தரி யோசித்தார். அண்ணனின் இடத்தில் ஏசி நிற்பதைக் கண்ணாடியில் ஒருமுறை கற்பனை செய்தார். கவுன்சலிங்கைத் தேர்ந்தெடுத்தார். பேசத்தானே சொல்வார்கள், பேச்சு அவருக்குத் தொழில்.

ஆலோசகரின் அறை ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. கீழே பல்லைத் துளைக்கும் சத்தம் மாடிவரை கேட்டது. அறையில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு சிறு மேசை, அதன்மேல் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. சுவரில் ஆலோசகர் வாங்கிய பட்டம், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஆலோசகர் நடுவயதுப் பெண். கூந்தலைக் கழுத்தளவு வெட்டியிருந்தார். சின்னக் கத்தரி முதலில் பார்த்தது அதைத்தான். வெட்டு சரியில்லை. மரியாதைக்காகச் சொல்லவில்லை.

சொல்லாததற்கு வேறு காரணமும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் யார் முகத்துக்கும் எதிரே உட்கார்ந்து பேசியதில்லை. எல்லோருக்கும் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறார். முகங்கள் எல்லாம் கண்ணாடியில். இப்போது ஒரு முகம் நேரடியாக, சொந்த ஆழத்தோடு, அவரையே பார்த்தது. வார்த்தை வரவில்லை.

ஆலோசகர் மௌனத்துக்குப் பயிற்சி பெற்றவர். எதிரில் இருப்பவர் தானாகப் பேசும்வரை பொறுக்க வேண்டும் என்று படித்திருந்தார். சின்னக் கத்தரியோ அடுத்தவர் பேசுவதற்கு இடைவெளி விடுவதில் சில மாதங்களாகத் தேர்ந்தவர். இரண்டு நிபுணர்களும் ஒருவருக்கொருவர் காத்திருந்தார்கள். கீழே யாருக்கோ ஒரு பல்லை எடுத்து முடித்தார்கள். நேரம் முடிந்தது.

"எப்படி இருந்துச்சு தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"நல்லா பேசினோம்" என்றார் சின்னக் கத்தரி.

இரண்டாம் முறை ஆலோசகர் மூன்றாவதாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டார்.

"இது காலி நாற்காலி. இதுல உங்க அண்ணன் உக்காந்திருக்கறதா நினைச்சுக்கோங்க. அவர்கிட்ட சொல்லாம விட்டதை எல்லாம் இப்போ சொல்லுங்க."

சின்னக் கத்தரி நாற்காலியைப் பார்த்தார். ஆலோசகரைப் பார்த்தார்.

"மேடம், என்னை இங்க அனுப்புனதே அதுக்காகத்தான்."

"எதுக்காக?"

"காலி நாற்காலிகிட்ட பேசறேன்னு."

ஆலோசகர் பேனாவை மூடினார்.

"நீங்க சொல்லிப் பண்ணினா வைத்தியம். நானா பண்ணினா வியாதி. அப்படித்தானே?"

"நல்ல கேள்வி" என்றார் ஆலோசகர். பதில் தெரியாதபோது படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இவர் அதோடு நிறுத்தாமல், "எனக்குத் தெரியலை, நீங்களே காட்டுங்க. கடையில எப்படிப் பேசுவீங்க?" என்றார்.

"முதல்ல இது தப்பு மேடம். அண்ணன் நாற்காலில உக்கார மாட்டாரு. நாற்காலி கஸ்டமருக்கு. அவர் பின்னால நிப்பாரு."

"அப்போ கஸ்டமர்?"

சின்னக் கத்தரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கிடைக்கக்கூடிய கஸ்டமர் ஒருவர்தான் இருந்தார்.

அவர் இரண்டு நாற்காலிகளைச் சுவரில் இருந்த பட்டத்தை நோக்கித் திருப்பிப் போட்டார். அந்தச் சட்டத்தின் கண்ணாடியில் முகம் மங்கலாகத் தெரிந்தது, போதும். ஆலோசகரை வலதுபக்க நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய துப்பட்டாவையே கழுத்தைச் சுற்றி ஒழுங்குபடுத்திவிட்டு, பின்னால் போய் நின்றார். நின்றதும் அவருக்குக் குரல் திரும்பி வந்தது.

"இந்தப் பக்கக் காதோரம் யாரு வெட்டினது மேடம்? சண்டை போட்டுட்டா வெட்டினாங்க?"

ஆலோசகர், தான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தார். ஆனால் பின்னால் நின்ற மனிதர் முதல்முறையாகத் தயக்கமில்லாமல் பேசுகிறார். ஆகவே அசையாமல் இருந்தார்.

"பாத்தீங்களா அண்ணே, இதுக்குப் பேரு வெட்டாம்" என்றார் சின்னக் கத்தரி, சட்டத்தில் இடதுபக்கத்தைப் பார்த்து. பிறகு காத்திருந்தார்.

"ம்ம்..." என்றார் ஆலோசகர், தொழில் பழக்கத்தில்.

"குறுக்க பேசாதீங்க மேடம். அண்ணன் பேசறாரு."

"மன்னிச்சுக்கோங்க."

இடைவெளி முடிந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன்!" என்று சின்னக் கத்தரி அண்ணனுக்குப் பதில் சொன்னார். அப்படியே மழையும் வழுக்கையும் வந்து போயின. கடைசியில் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தார்: சீப்பு.

"கடைசி ஞாயித்துக்கிழமை நான் விடலை மேடம். இன்னைக்கு ஒரு நாளாவது சீப்பை நேரா பிடிங்க, உங்க இஷ்டத்துக்குச் சாய்க்காதீங்கன்னேன். சரிடா, உன் இஷ்டம்னாரு. நேராத்தான் பிடிச்சாரு. எழுந்து பாத்தா வெட்டு கோணலா இருக்கு! பாத்தீங்களா, சீப்பு பிடிக்கத் தெரியலைன்னு ஒத்துக்கோங்கன்னேன். தலை கோணல்டா, நாளைக்குச் சரி பண்றேன்னாரு."

"நாளைக்கு?"

"மறுநாள் காலைல எனக்கு முன்னாடியே கடைக்கு வந்துட்டாரு. கடை நேரத்துல அவர் நாற்காலில உக்காந்தது அந்த ஒரு தடவைதான். ஷேவிங்குக்குக் காத்திருக்கற ஆள் மாதிரி கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தாரு. நான் வந்ததும் வராததுமா ஆரம்பிச்சேன். ஊரே என் தலையைப் பாத்து சிரிக்குது, கோணல்னு இப்பவாவது ஒத்துக்கோங்கன்னேன். பதில் இல்ல. பதில் சொல்ல முடியல போலன்னு நினைச்சேன். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு இன்னும் நாலு வார்த்தை சொன்னேன்."

கீழே துளைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"முதல் தடவையா ஜெயிச்சேன் மேடம்" என்றார் சின்னக் கத்தரி. "அவர் இல்லாம ஜெயிச்சேன்."

அவர் காகிதப் பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவினார். கை பழக்கம் கண்ணை முந்திக்கொண்டது. அந்தத் தாளால் முதலில் ஆலோசகரின் பிடரியை இரண்டு தட்டுத் தட்டி, இல்லாத முடியை உதறிவிட்டார். அதன்பிறகுதான் அது எதற்கான தாள் என்று ஞாபகம் வந்தது. அதையே மடித்துத் தன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஆலோசகர் சட்டத்தின் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "இத்தனை மாசமா இடைவெளி விடறீங்களே, அதுல அண்ணன் புதுசா ஏதாவது சொன்னாரா?"

சின்னக் கத்தரி சட்டத்தின் இடதுபக்கத்தைப் பார்த்தார். "இல்ல. பழசையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றாரு."

"அவர் அப்படிப்பட்டவரா?"

"சேச்சே! தினம் ஒரு புது நக்கல் இருக்கும். நம்மளால யோசிக்கவே முடியாது." சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். அந்த இடைவெளியில் பேசிக்கொண்டிருந்தது யார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல நக்கல் யோசிக்கத் தெரியாத ஒருவர்.

"முடியை வெட்டினா அந்த வழக்கு முடிஞ்சிடும்னுதான் வெட்டாம வச்சிருக்கீங்களா?"

"அவர் வச்ச கத்தரி அதுலதான் கடைசியா பட்டுது மேடம். ஆனா என்ன பிரயோஜனம்? வளந்து வளந்து கோணலே மறைஞ்சு போச்சு. சாட்சியும் போயிடுச்சு."

"தலை போகலையே" என்றார் ஆலோசகர். "தலை கோணலா இல்லையான்னு இன்னொருத்தர் பாத்துச் சொல்லலாம் இல்லையா? உங்க கட்சியும் இல்லாத, அண்ணன் கட்சியும் இல்லாத ஆள் யாராவது?"

அப்படி ஒரு ஆள்தான் தெருவில் இருந்தார். இருவரையுமே அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் மத்தியானம் சின்னக் கத்தரி தெருவைக் கடந்து போனதைக் காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்ததும், ஏசிக்காரர் கையிலிருந்த மெஷினை அணைத்துவிட்டுச் சற்றுப் பின்வாங்கினார்.

"வாடகை விஷயமா நான் அண்ணிகிட்ட சும்மாதான் கேட்டேன்..."

"அதுக்கு வரலை. வெட்டணும்."

"யாரை?"

"முடியை."

ஏசிக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, சீவி, அந்தக் காட்டுக்குள் வழி தேடத் தொடங்கினார். காதுகள் வெளியே வந்தன. சீப்பை எடுத்து இரண்டு காதுகளின் மேலும் படுகிற மாதிரி தலையின் பின்னால் குறுக்காக வைத்தார். சீப்பு சாய்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சாய்ந்தது.

"இடது காது மேல இருக்கு" என்றார்.

"பிறந்ததுல இருந்தேவா?"

"நேத்து ஏறியிருக்காது."

சின்னக் கத்தரி தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"சொல்லுங்க, நேரா வெட்டவா, இல்ல நேரா தெரியற மாதிரி வெட்டவா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்களுக்கு இல்ல. சீப்பை நேரா பிடிச்சு வெட்டினா, காதோட சேத்துப் பாக்கறப்ப கோணலா தெரியும். நேரா தெரியணும்னா சாய்ச்சு வெட்டணும். உங்க அண்ணன் என்ன பண்ணுவாரு?"

"சாய்ச்சுத்தான் பிடிப்பாரு."

"எல்லாத் தடவையுமா?"

"கடைசித் தடவை மட்டும் நேரா. நான்தான் சொன்னேன்."

"அதுதான் கோணலா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன? வேலை தெரிஞ்ச மனுஷன். எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார் ஏசிக்காரர், சற்று வருத்தத்தோடு. பல வருடப் பகையில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டி வந்தால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

சின்னக் கத்தரி கண்ணாடியைப் பார்த்தார். அங்கே மூன்று கண்ணாடிகள் இருந்தன. மூன்றிலும் ஒரே கோணல் தலை. வாழ்நாள் முழுக்க அந்தத் தலை நேராகத் தெரிவதற்காக ஒரு மனிதர் மாதாமாதம் கோணலாக வெட்டியிருக்கிறார். அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறார். "அண்ணே..." என்று ஆரம்பித்தார் சின்னக் கத்தரி. வழக்கம் போல இடைவெளி விட்டார்.

"என்ன யோசனை? தண்ணி காஞ்சுடும், சொல்லுங்க" என்றார் ஏசிக்காரர்.

சின்னக் கத்தரி திடுக்கிட்டார். இடைவெளிக்குள்ளிருந்து குரல் வந்து மாதக்கணக்கு ஆயிற்று.

"சாய்ச்சே வெட்டுங்க" என்றார். கத்தரி நாலு தடவை பேசியதும் பொறுக்க முடியாமல், "அவ்வளவு சாய்க்காதீங்க!" என்றார்.

"வெட்டறது நானா, நீங்களா?"

"கத்தரியை இப்படிப் பிடிச்சா எப்படித் தெரியும் யாரு வெட்டறதுன்னு?"

"தெருவே பயந்து ஓடற தலையை வச்சுக்கிட்டு எனக்குப் பாடமா?"

புது நக்கல். பரவாயில்லாத ரகம். சின்னக் கத்தரி கண்ணை மூடிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் திரும்பி வந்தபோது அண்ணி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"யாரு வெட்டினது?"

"ஏசி."

"அதான் பார்த்தேன். கொஞ்சம் கோணலா இருக்கே தம்பி."

"இல்ல அண்ணி" என்றார் சின்னக் கத்தரி. "தலை கோணல். அண்ணன் எப்பவும் சொல்வாரு."

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே, யோசிக்காமல், பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இடதுபக்க நாற்காலி. உட்கார்ந்தபின் இருவருக்கும் அது தெரிந்தது. யாரும் எழச் சொல்லவில்லை.

"அவர் இப்படித்தான் பேசுவாரா? வீட்டுல சாப்பாட்டுக்கு உப்பு போதும், போதாதுங்கறதைத் தவிர நான் ஒண்ணும் கேட்டதில்ல. ஊரே வந்து கேட்டுட்டுப் போச்சு. நான் மாடில இருந்தேன்."

சின்னக் கத்தரி அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அண்ணன் நின்ற இடம். வெள்ளைத் துணியை உதறி மடித்தார்.

"நாளைக்கு இதுக்கு ஒரு ஆளைப் பாருங்க அண்ணி. கை சுமாரா இருந்தாலும் பரவாயில்ல, பழக்கிக்கலாம். வாய் நல்லா இருக்கணும்."

"அது கிடக்கட்டும். நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, அவர் ஒண்ணு சொல்லுவாராமே. எங்கே, முதல்ல இருந்து சொல்லுங்க."

"நான் சொல்வேன், மழை வராதுன்னு."

"அவர்?"

கண்ணாடியில் அண்ணியின் முகம் காத்திருந்தது. சின்னக் கத்தரி இடைவெளி விடவில்லை. அண்ணன் சொன்னதை அண்ணனின் குரலிலேயே, முழுதாக, சத்தமாகச் சொன்னார். அது தன்னைப் பற்றிய படு மோசமான நக்கல். இரண்டு பேரும் சிரித்த சத்தம் தெருவைத் தாண்டி ஏசியின் கண்ணாடிக் கதவுவரை போனது. அங்கிருந்து ஒரு வாடிக்கையாளர், பாதி வெட்டிய தலையோடு, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.